சர்வரையே போலியாக்கும் வயர்மாக்: ஒரு மதிப்புரை

ஜாவா நிரல் ஒன்று வெளிச் சேவையை ஹெச்டிடிபி வழியாக அழைக்கும் இடத்துக்கு யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் நிரல்) எழுத உட்காரும்போது, கை முதலில் போலிப் பொருள்களை உருவாக்கித் தரும் மாக்கிட்டோ நூலகத்தைத்தான் தேடுகிறது. கோரிக்கையை அனுப்பும் கிளையன்ட் பொருளைப் போலியாக்கி, அதன் ‘சென்ட்’ மெத்தட் அழைக்கப்பட்டால் வெற்றியைக் குறிக்கும் 200 என்ற நிலைக்குறியீட்டையும் ஒரு ஜேசான் சரத்தையும் தாங்கிய போலி மறுமொழியைத் திருப்பித் தரும்படி சொல்லிவிட்டால், மில்லிநொடிகளில் ஓடும் டெஸ்ட் ஒன்று கிடைத்துவிடும். பல ஆண்டுகள் நானும் அப்படியே எழுதிவந்தேன். அந்த டெஸ்டுகள் அனைத்தும் பச்சையாக, அதாவது வெற்றியாக, இருந்த ஒரு நாளில், நாங்கள் அழைத்துவந்த வெளிச் சேவை ஒன்று இணைப்பை ஏற்றுக்கொண்டு பதில் மட்டும் சொல்லாமல் இருந்தது. எங்கள் த்ரெட்டுகள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகள்) ஒவ்வொன்றாக அந்தப் பதிலுக்காகக் காத்து நின்று, கடைசியில் நிரல் முழுவதும் உறைந்துபோனது. பிழை எங்களுடையதுதான். ஜாவா 11-இல் நிலையான இடம் பெற்ற ஹெச்டிடிபி கிளையன்ட், கோரிக்கைக்கு டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) தரப்படாவிட்டால் கால வரம்பின்றிக் காத்திருக்கும். நாங்கள் அதைத் தந்திருக்கவில்லை. போலிப் பொருளோ கேட்ட கணத்திலேயே பதில் சொல்லிவிடும் என்பதால், இந்தக் குறை எந்த டெஸ்டிலும் தலைகாட்ட வழியே இருக்கவில்லை. வயர்மாக்கை நாங்கள் எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

வயர்மாக் கிளையன்டைத் தொடுவதே இல்லை. டாம் ஏக்ஹர்ஸ்ட் 2011-இல் தொடங்கிய, அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கும் இந்தத் திறமூல நூலகம், டெஸ்ட் ஓடும்போது ஜெட்டி வெப் சர்வரை உண்மையாகவே ஒரு போர்ட்டில் எழுப்பி, நாம் எழுதிவைத்த விதிக்குப் பொருந்தும் கோரிக்கை வந்தால் அதற்குரிய மறுமொழியை அனுப்புகிறது. நம் நிரல் தன் வழக்கமான கிளையன்டைக் கொண்டு, வழக்கமான சாக்கெட் வழியாக, முகவரி மட்டும் மாறிய ஒரு சர்வருடன் பேசுகிறது. ஜேயூனிட் 5 பயன்படுத்துவோருக்கு டெஸ்ட் கிளாஸின் தலையில் ஓர் அனோடேஷன் இட்டாலே போதும். கிளாஸின் முதல் டெஸ்டுக்கு முன் சர்வர் எழுந்து, கடைசி டெஸ்டுக்குப் பின் நின்றுவிடும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ஸ்டப்புகளும் (‘இந்தக் கோரிக்கைக்கு இந்த மறுமொழி’ என்று நாம் எழுதிவைத்த விதிகள்) கோரிக்கைப் பதிவும் தாமாகவே துடைக்கப்படுவதால், ஒரு டெஸ்டின் எச்சம் அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை.

இதன் அருமை புரிய, மாக்கிட்டோ வழியில் படும் பாட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜாவாவின் ஹெச்டிடிபி கிளையன்ட் ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்பதால் அதைப் போலியாக்குவதில் தடையில்லை. ஆனால் அதன் ‘சென்ட்’ மெத்தட் ஜெனரிக் வகையில் அமைந்திருப்பதால், மறுமொழியின் உடற்பகுதியைப் படிக்கும் பாடி ஹேண்ட்லருக்கு, எதுவானாலும் சரி என்ற பொருளில் ‘எனி’ என்று எழுதியவுடன் கம்பைலர் முரண்டு பிடிக்க, வகையை வெளிப்படையாகக் குறிப்பிட்டோ வாக்கிய அமைப்பை மாற்றியோ அதைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. பழைய யூஆர்எல் கிளாஸ் ஃபைனல் ஆனது, அதாவது அதிலிருந்து வேறு கிளாஸ் உருவாக்க முடியாது. 2023-இல் வந்த மாக்கிட்டோ 5, ஃபைனல் கிளாஸ்களையும் போலியாக்கும் இன்லைன் முறையை இயல்பாக்கும் வரை அதைப் போலியாக்கத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் வெப்கிளையன்ட் போன்று மெத்தடுகளைச் சங்கிலியாகக் கோக்கும் கிளையன்ட் என்றால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு போலிப் பொருள் வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பின் டெஸ்டைப் படித்தால், அது மூல நிரலின் வரிகளையே வேறு எழுத்தில் திரும்பச் சொல்வதாக இருக்கும். நாளை கிளையன்ட் நூலகத்தை மாற்றினால், நடத்தை ஒரு துளியும் மாறாத நிலையிலும் டெஸ்டுகள் அத்தனையும் சிவப்பாகும்.

நாங்கள் ஒரு கிளையன்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது வயர்மாக் டெஸ்டுகளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அத்துடன், அந்த மாற்றத்தில் நுழைந்த இரண்டு பிழைகளையும் அவைதான் பிடித்துக் கொடுத்தன. ஒன்று, தொலைபேசி எண்ணின் முன்னால் வரும் கூட்டல் குறி. வினவல் பகுதியில் அது குறியாக்கம் செய்யப்படாமல் சென்றால், மறுமுனையில் உள்ள சர்வர் அதை இடைவெளியாகப் படித்துவிடக்கூடும்; யூஆர்எல் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் விதியை ஸ்டப்பில் வைத்திருந்ததால் உடனே தெரிந்தது. மற்றொன்று தமிழ் எழுத்துகள். வெறும் உரையாக வந்த மறுமொழியின் ஹெடரில் எழுத்துக் குறியாக்கம் குறிப்பிடப்படாதபோது, ஜாவாவின் சொந்தக் கிளையன்ட் அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்பிரிங்கின் சரம் மாற்றியோ லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்கிறது. போலிப் பொருள் தரும் சரம் பைட்டுகளாக மாறிப் பயணம் செய்வதே இல்லை. ஆகவே அங்கே தமிழ் எப்போதும் நலமாகவே வந்து சேரும். வயர்மாக்கிலிருந்து அது உடைந்து வந்தபோதுதான் எங்களுக்கு விழிப்பு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தவறுகளைத் திட்டமிட்டு நிகழ்த்தும் வசதி. மறுமொழியைக் குறிப்பிட்ட மில்லிநொடிகள் தாமதப்படுத்தலாம். குறிப்பிட்ட வரம்புக்குள் தாமதத்தை மாறவிடலாம். உடற்பகுதியைத் துண்டு துண்டாகச் சொட்டவிடலாம். இணைப்பை மறுமுனை முறித்துக்கொள்வது, எதையும் அனுப்பாமல் மூடிவிடுவது, சரியான நிலைக்குறியீட்டை அனுப்பிய பின் குப்பையைக் கொட்டுவது போன்ற நிகழ்வுகளையும் ஒரே வரியில் வரவழைக்க முடிகிறது. எங்களை உறையவைத்த அந்தப் பிழைக்கு இப்போது காவலாக நிற்பது, ஐந்து வரி தாண்டாத ஒரு டெஸ்ட்தான்: ஸ்டப்பின் தாமதம் கிளையன்டின் டைம்அவுட்டை விட அதிகம், டைம்அவுட் விதிவிலக்கு எழ வேண்டும். இதே டெஸ்டை மாக்கிட்டோவிலும் எழுதலாம் என்று சிலர் சொல்வதுண்டு. போலிப் பொருளை விதிவிலக்கு எறியச் சொன்னால், விதிவிலக்கு வந்த பின் நம் நிரல் என்ன செய்கிறது என்பது தெரியும். டைம்அவுட் உண்மையிலேயே அமைக்கப்பட்டிருக்கிறதா என்பது தெரியாது.

மறுமுயற்சிகளைச் சோதிக்க, ‘சினாரியோ’ எனப்படும் நிலைமாற்ற வசதி உதவுகிறது. முதல் அழைப்புக்கு 503 (சேவை இப்போது கிடைக்கவில்லை), அடுத்த அழைப்புக்கு 200 என்று வரிசைப்படுத்திவிட்டு, முடிவில் எத்தனை கோரிக்கைகள் வந்தன என்பதை ‘வெரிஃபை’ கொண்டு எண்ணிக் கேட்கலாம். போஸ்ட் கோரிக்கையை இரண்டாம் முறை அனுப்பினால் ஒரே ஆர்டர் இருமுறை பதிவாகும் ஆபத்துள்ள இடங்களில், சரியாக ஒரு முறைதான் சென்றது என்று உறுதிசெய்யும் அந்த ஒரு வரி, மற்ற எல்லா வரிகளுக்கும் ஈடு. கோரிக்கை எந்த ஸ்டப்புக்கும் பொருந்தாமல் போனால் 404 (காணவில்லை) வருகிறது. அத்துடன், மிக நெருங்கிய ஸ்டப்பையும் வந்த கோரிக்கையையும் பக்கம் பக்கமாக வைத்து, எங்கே விலகுகின்றன என்பதையும் காட்டுகிறது. பிழைச் செய்தியை இவ்வளவு அக்கறையோடு எழுதிய நூலகங்கள் குறைவு.

குறைகளும் உண்டு, சில எரிச்சலூட்டுபவை. உள்ளே ஜெட்டி இருப்பதால், வேறு பதிப்பு ஜெட்டியைப் பயன்படுத்தும் திட்டங்களில் பதிப்பு மோதல் எழும். சார்புகளைத் தனக்குள் பொதிந்துவைத்த ‘ஸ்டாண்ட்அலோன்’ ஜாரை எடுத்துக்கொள்வதே அதற்கு எளிய மருந்து. 2023-இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து, நூலகங்களை இறக்கித் தரும் மேவன் கருவியில் அதன் குழுப்பெயர் மாறிவிட்டது. ஆனால் இம்போர்ட் வரிகளில் பழைய பேக்கேஜ் பெயரே தொடர்கிறது. புதிதாக வருபவர் இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டைப் பார்த்துக் குழம்புவது இயல்பு. பொதுவான ஸ்டாட்டிக் மெத்தடுகள் வேறு ஏற்பாடு இல்லாதபோது 8080 போர்ட்டை நோக்கியே பேசும் என்பதால், சர்வரைக் கைப்பட வேறு போர்ட்டில் எழுப்பியவர் அவற்றை அழைத்துவிட்டு, ஸ்டப் ஏன் பதியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். ஒரு கோரிக்கைக்கு இரண்டு ஸ்டப்புகள் பொருந்தினால் கடைசியாகச் சேர்த்ததே வெல்லும். விரிவான விதியைப் பின்னால் எழுதினால், முன்னால் எழுதிய நுணுக்கமான விதி மறைந்துபோகும். உண்மைச் சேவையின் மறுமொழிகளைப் பதிவுசெய்து தரும் வசதி கவர்ச்சியானதுதான். ஆனால் அந்தப் பதிவில் உண்மையான வாடிக்கையாளர் விவரங்களும் சேர்ந்தே வந்து அமர்ந்துவிடும் என்பதால், கிட் (Git) களஞ்சியத்தில் சேர்க்கும் முன் ஒவ்வொரு கோப்பையும் கண்ணால் பார்ப்பது அவசியம். வேகத்திலும் இது போலிப் பொருளோடு போட்டியிட முடியாது.

மாற்றுகளைப் பொறுத்தவரை, ஓகேஹெச்டிடிபி என்ற கிளையன்ட் நூலகத்தோடு வரும் மாக்வெப்சர்வர் இதைவிட எளிது. மறுமொழிகளை வரிசையில் போட்டுவைத்தால் அதே வரிசையில் தரும். இரண்டு மூன்று அழைப்புகள் மட்டும் உள்ள சிறு நூலகத்துக்கு அதையே பரிந்துரைப்பேன். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் பறக்கும் நிரலில் எந்தப் பதில் யாருக்குப் போகும் என்பது உறுதியில்லாமல் போவதால், கோரிக்கையைப் பார்த்துப் பதிலைத் தேர்ந்தெடுக்கும் டிஸ்பேச்சர் எழுத வேண்டிவரும். அப்போது எளிமை கரைந்துவிடுகிறது. ஸ்பிரிங்கின் மாக்ரெஸ்ட்சர்விஸ்சர்வர், பெயரில் சர்வர் இருந்தாலும், சாக்கெட் எதையும் திறப்பதில்லை. வேகமானது, ஆனால் நான் மேலே சொன்ன டைம்அவுட் பிழையை அது காணாது.

வயர்மாக்கை எல்லா டெஸ்டுகளிலும் பரப்புவதும் தவறான பயன்பாடுதான். வெளிச் சேவையோடு பேசும் நிரலை ஒரே கிளாஸுக்குள் அடைத்து, அதற்கு நம் சொற்களில் அமைந்த ஓர் இன்டர்ஃபேஸைக் கொடுத்துவிட்டால், மற்ற வணிக விதிகளுக்கான டெஸ்டுகள் அந்த இன்டர்ஃபேஸை மாக்கிட்டோவால் போலியாக்கி வேகமாக ஓடலாம். வயர்மாக் அந்த ஒரு கிளாஸின் வாசலில் மட்டும் நின்றால் போதும். நமக்குச் சொந்தமில்லாத வகைகளைப் போலியாக்க வேண்டாம் என்று மாக்கிட்டோவின் விக்கிப் பக்கமே அறிவுறுத்துகிறது. அதேபோல், வயர்மாக்கின் ஸ்டப்பும் மறுமுனை பற்றிய நம் நம்பிக்கைதான். சேவை தருபவர் ஜேசானில் ஒரு புலத்தின் பெயரை மாற்றினால், நம் ஸ்டப் பழைய பெயரையே சொல்லிக்கொண்டு பச்சையாக நிற்கும். அதைக் கண்டுபிடிக்க, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வடிவத்தைச் சரிபார்க்கும் ஒப்பந்தச் சோதனையோ, உண்மைச் சேவையை அவ்வப்போது அழைத்துப் பார்க்கும் தனிச் சோதனையோ வேண்டும்.

ஜாவா 11 அல்லது அதற்கு மேல் இருக்கும் எந்தக் குழுவுக்கும் வயர்மாக்கின் 3-ஆம் வரிசையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஜாவா 8-இல் நிற்பவர்கள் 2-ஆம் வரிசையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். எங்களிடம் இருந்த பழைய போலிக் கிளையன்ட் டெஸ்டுகளை ஒரே நாளில் தூக்கி எறியவில்லை. அந்தந்தக் கிளாஸைத் தொட வேண்டிவரும்போது மாற்றிக்கொண்டு வருகிறோம். இன்னும் சில மிச்சமிருக்கின்றன.