ஏலத்தில் வாங்கி, நடுவில் ஆள் வைத்து வரவழைக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு: எனக்கு 540 டாலர் போச்சு

540 டாலர். பணமும் போச்சு, பொருளும் போச்சு. வயிறு எரிகிறது. ஆன்லைன் ஏலத்தில் "உள்நாட்டுக்கு மட்டுமே அனுப்புவோம்" என்று போட்டிருக்கும் பொருளை, அந்த நாட்டில் இருக்கும் ஓர் ஆளை வைத்து வாங்கிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எந்தத் தளம், எந்த ஆள் என்று பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை போட முடியாது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் தேடிக்கொண்டிருந்தது 1950களில் வந்த ஒரு ரோலிஃபிளெக்ஸ். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் செய்த இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. 120 ஃபிலிமில் 12 சதுரப் படம் விழும். இப்போது பழசாகத்தான் கிடைக்கும். அதுவும் யாராவது வீட்டு அலமாரியை ஒழிக்கும்போது ஏலத்துக்கு வருவதுதான் நல்ல நிலையில் இருக்கும். அப்படி விற்பவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள் கிடையாது. சுங்கப் படிவம் எழுதத் தெரியாது, வழியில் காணாமல் போனால் யார் பொறுப்பு என்ற பயம், "பொருள் வரவில்லை" என்று வாங்கியவன் பொய் சொல்லிப் பணத்தைத் திருப்பி வாங்கிவிடுவானோ என்ற பயம். அதனால்தான் வெளிநாடு என்றாலே வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் கேட்டவரும் மரியாதையாகத்தான் மறுத்தார்.

விட மனசு வரவில்லை. படங்கள் அவ்வளவு தெளிவாக இருந்தன. லென்ஸில் பூஞ்சை இல்லை. பெயர்ப் பட்டைக்கு அருகில் பொறித்த வரிசை எண் பளிச்சென்று தெரிந்தது. ஃபோகஸ் திருகும் குமிழுக்குக் கீழே மட்டும் தோல் உறை நகக்கண் அளவு பிய்ந்து, உள்ளே உலோகம் தெரிந்தது. அது ஒன்றுதான் குறை.

பழைய கேமரா சேர்ப்பவர்கள் நடுவே அந்த ஆளின் பெயர் அடிபட்டது. அந்த நாட்டிலேயே இருக்கிறாராம், தன் முகவரிக்குப் பார்சலை வாங்கி, நமக்கு மாற்றி அனுப்பிவிடுவாராம். பெரிய ஃபார்வர்டிங் கம்பெனிகள் செய்யும் அதே வேலை, தனி ஆளாக. தமிழிலேயே பேசினார். எடுத்த எடுப்பில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேமராவைப் பற்றித்தான் பேசினார், அதுவும் ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவைப் பற்றி.

"அண்ணா, விக்கிறவர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. ஷட்டரை ஏத்தி வச்சபடி பேக் பண்ண வேணாம். இந்த வயசுல ஸ்பிரிங் இழுபட்டே கிடக்கக்கூடாது. என் கைக்கு வந்ததும் ஒரு செகண்ட் வேகத்துல ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். எண்ணெய் காஞ்சிருந்தா அதுலதான் தெரியும்."

இதைக் கேட்ட பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை. பழைய ஷட்டர்களில் முதலில் மந்தமாவது மெதுவான வேகங்கள்தான். அது தெரிந்த ஆள் கேமராவை மதிக்கிற ஆளாகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். விவரம் தெரிந்தவன் நேர்மையானவனாகவும் இருப்பான் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவர் என்னிடம் சொன்ன தொழில்நுட்ப விஷயம் ஒவ்வொன்றும் உண்மை. அதை வைத்துத்தான் என்னை வளைத்தார்.

ஏலம் என் பெயரில் முடிந்தது. கேமரா 385 டாலர், உள்நாட்டு அனுப்புச் செலவு 15. இந்த 400 டாலரைத் தளத்தின் வழியாகக் கார்டில் கட்டினேன். அனுப்ப வேண்டிய இடம் என்று அந்த ஆளின் முகவரி. அவருடைய கமிஷனும் வெளிநாட்டு அனுப்புச் செலவும் சேர்த்து 90 டாலர். அதைப் பணப் பரிமாற்றச் செயலியில் "நண்பர், குடும்பத்தினர்" என்ற வகையில் போடச் சொன்னார். "பொருள் வாங்கறதுன்னு போட்டா அவன் கமிஷன் பிடிப்பான், உங்களுக்குத்தான் நஷ்டம்ணா." என் பணத்தை மிச்சப்படுத்தத்தான் சொல்கிறார் என்றே தோன்றியது.

பார்சல் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. தளத்திலும் "ஒப்படைக்கப்பட்டது" என்று வந்தது. தராசின் மேல் பெட்டியை வைத்து எடுத்த படம் அனுப்பினார், 2.1 கிலோ. பின்னாலேயே ஓர் ஒலிப்பதிவு. அதில் ஷட்டர் ஓடும் சத்தம். முதலில் ஒரு சின்ன கிளிக், அதன் பிறகு பல்சக்கரம் சீராகச் சுற்றும் "ஸ்ர்ர்ர்", கடைசியில் இன்னொரு கிளிக். எங்கும் தடங்கல் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கொதிக்கிறது.

அடுத்து வந்தது இன்னும் 50 டாலர் கேட்டு. காரணம், கன அளவு எடை. இது பொய் இல்லை, பெரிய எக்ஸ்பிரஸ் கூரியர்கள் பார்ப்பதுதான். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். வரும் விடை, நிஜ எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். விற்றவர் 40, 35, 30 அளவுள்ள பெரிய பெட்டியில் போட்டிருந்தார். பெருக்கினால் 42,000, வகுத்தால் 8.4 கிலோ. 2.1 கிலோ பார்சலுக்கு 8.4 கிலோவின் கட்டணம். சரி, 25, 20, 20 அளவில் சின்னப் பெட்டிக்கு மாற்றினால் கணக்குப்படி 2 கிலோதானே வரும், மாற்றிவிடுங்கள் என்றேன். "சின்னப் பெட்டில போட்டா லென்ஸுக்கு ஆபத்துண்ணா, நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்" என்றார். கேமரா மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார் என்று 50 டாலரும் அனுப்பினேன், அதே "நண்பர்" வகையில். ஆக மொத்தம் 540.

அதோடு அவர் பேச்சு மாறிவிட்டது.

கேட்டுக் கேட்டு ஒரு டிராக்கிங் எண் வந்தது. எந்தத் தளத்தில் போட்டாலும் "தகவல் இல்லை". "சிஸ்டத்துல ஏற டைம் ஆகும் சார்." பிறகு "கஸ்டம்ஸ்ல நிக்குது சார்." பிறகு "லீவு சீசன், எல்லாருக்கும் லேட்தான்." பிறகு பதில் நின்றது. நான் அனுப்பியதைப் படித்துவிட்டார் என்று மட்டும் தெரியும், பதில் வராது.

அந்த எண்ணை நானே சோதித்தேன், இது எல்லோருக்கும் பயன்படும். பதிவு அஞ்சல், அஞ்சல் துறைப் பார்சல் போன்றவற்றுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் ஒரு வடிவம் வைத்திருக்கிறது. முதலில் இரண்டு எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அந்த 9 இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவர் கொடுத்த எண்ணும் இதே வடிவம்தான், முதல் எட்டு இலக்கம் 58317462. கூட்டினால் 211. 11ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே கடைசி இலக்கம் 9 ஆக இருக்க வேண்டும். அவர் கொடுத்ததில் 4. அப்படி ஓர் எண் உலகத்தில் எந்த அஞ்சல் நிலையத்திலும் அச்சாகியிருக்க முடியாது. தோன்றியதைத் தட்டி அனுப்பியிருக்கிறார்.

இதைச் சொல்லிக் கேட்டதும் உடனே பதில் வந்தது. "கூரியர்காரன் தொலைச்சுட்டான் சார், நான் என்ன பண்ண முடியும். க்ளெய்ம் போட்டா 40 டாலர்தான் வரும், உங்களுக்கு டியூட்டி குறையட்டும்னு மதிப்பு 40னு எழுதியிருக்கேன்." மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அது சுங்கத்தை ஏமாற்றும் குற்றம். போதாததற்கு, பொருள் தொலைந்தால் எழுதிய மதிப்புக்கு மேல் ஈடு கிடைக்காது. அனுப்பவே அனுப்பாத பார்சலுக்கு இப்படி ஒரு கதை.

ஏலத் தளத்தில் புகார் போட்டேன். "நீங்கள் கொடுத்த முகவரியில் பார்சல் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றி அனுப்பும் பொருளுக்கு வாங்குபவர் பாதுகாப்பு பொருந்தாது. புகார் முடிக்கப்பட்டது." மேல்முறையீடு செய்தால் அதே மூன்று வரி மறுபடியும் வந்தது, ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. மனுஷர் யாராவது படித்தார்களா என்றே தெரியவில்லை. விற்றவரிடம் அந்த முகவரியைப் பற்றி விசாரித்தேன். "அனுப்பினேன், சேர்ந்தது, இனி என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதி என்னைத் தடை செய்துவிட்டார்.

பணப் பரிமாற்றச் செயலிக்காரர்கள் அரட்டைப் பெட்டியில் காக்க வைத்து, "நண்பர் வகையில் அனுப்பிய தொகைக்குப் பாதுகாப்பு கிடையாது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டார்கள். எனக்கு வேறு என்ன உதவி வேண்டும்? 140 டாலர் அங்கே போச்சு. கார்டு கொடுத்த வங்கியில் 400 டாலருக்கு ஆட்சேபம் போட்டேன். விற்றவர் தரப்பில் ஒப்படைப்புச் சான்றைக் காட்டியதும் அதையும் தள்ளிவிட்டார்கள். அவர்கள் பார்வையில் விற்றவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். இப்படி ஒவ்வொருவரும் தன் விதியைக் காட்டி ஒதுங்கிக்கொண்டார்கள். 540 டாலரில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை.

இதோடு விட்டிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டு இந்தப் பதிவை எழுதாமல் இருந்திருப்பேன். நேற்று ராத்திரி வேறொரு ஏலத் தளத்தில் அதே மாதிரி கேமரா ஒன்று வந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோகஸ் குமிழுக்குக் கீழே, நகக்கண் அளவுக்குப் பிய்ந்த தோல். வரிசை எண்ணை என்னிடமிருந்த பழைய படத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டேன். அதே எண். என் கேமரா. "ஷட்டர் எல்லா வேகத்திலும் சரியாக ஓடுகிறது, ஒரு செகண்டில் சோதித்தது" என்று விவரம் வேறு. ஆரம்ப விலையே நான் கொடுத்ததைவிட அதிகம். என் காசில் வாங்கி, என்னிடமே கமிஷனும் வாங்கி, என் பொருளை விற்கிறார்.

உடனே அந்தத் தளத்துக்கு ரசீது, படம், வரிசை எண் எல்லாம் அனுப்பினேன். காவல்துறைப் புகார் எண் இருந்தால்தான் பார்ப்போம் என்கிறார்கள். இங்கே காவல் நிலையத்தில், குற்றம் நடந்தது வேறு நாட்டில் என்கிறார்கள். இணையக் குற்றப் பிரிவில் ஆன்லைனில் பதிந்து ஒப்புகை எண் வாங்கியிருக்கிறேன், அதைத் தளத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். ஏலம் முடிவதற்குள் பதில் வர வேண்டும்.

என்ன செய்யலாம், எப்படி வாங்கலாம் என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன்.

நடு ஆளின் முகவரியில் பார்சல் இறங்கிய நொடியே தளத்தின் பாதுகாப்பு முடிந்துவிடும், பல தளங்களில் இதுதான் விதி. ஏலம் கேட்கும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். சில தளங்கள் தங்கள் சொந்தக் கிடங்கு வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. விற்பவர் அதில் சேர்ந்து அனுப்பத் தயாரா என்று முதலில் கேளுங்கள், அவர் உள்நாட்டுக்குள் அனுப்பினால் போதும்.

தனி ஆளுக்கு "நண்பர், குடும்பத்தினர்" வகையில் ஒரு காசுகூட அனுப்பாதீர்கள், யார் சிபாரிசு செய்தாலும் சரி. கம்பெனியாக இருந்தாலும் கார்டில் மட்டும் கட்டுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதுகிறேன் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிராக்கிங் எண் வந்ததும் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், அஞ்சல் எண்ணுக்கு மட்டும்தான் அது பொருந்தும், தனியார் கூரியர் எண்கள் வேறு வடிவம். பொருளின் வரிசை எண் தெரியும் படத்தை ஏலப் பக்கம் மறைவதற்குள் சேமித்து வையுங்கள். ஏலத்தில் இருப்பது என் கேமராதான் என்று காட்ட இப்போது என் கையில் இருக்கும் முக்கிய ஆதாரம் அதுதான்.

அந்த ஆள் இப்போதும் கேமரா சேர்ப்பவர்கள் நடுவே இருக்கிறார். ஷட்டர் சத்தத்தைப் பதிந்து அனுப்புகிறேன் என்று உங்களிடம் யாராவது பேசிக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் எனக்கு எழுதுங்கள். அதே ஆளா என்று நான் சொல்கிறேன்.