கிழிச்சுப் போட்டா போதும்னு நெனச்சவனோட ஷ்ரெட்டிங் டே ரிவ்யூ

ஷ்ரெட்டிங் டேன்னா நம்ம பழைய பேப்பர எல்லாம் ஒருநாள் இலவசமா மெஷின்ல அரைச்சுத் தர்ற ஏற்பாடு. மொதல்லயே சொல்லிடுறேன், அதுக்கு 5க்கு 4. ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னு நடுவுல வரும், அது சின்ன விஷயம் இல்ல.

அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. எதையுமே தூக்கிப் போடாத ஆளு அவரு. 20 வருஷத்து பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபோன் பில், சம்பள ஸ்லிப், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், எப்பயோ மூடுன அக்கவுண்டோட செக்புக், எல்லாத்தையும் கட்டுக் கட்டா ரப்பர் பேண்ட் போட்டு மூணு பெட்டி நெறைய வச்சிருந்தாரு, அந்த ரப்பர் பேண்ட தொட்டா கையிலயே பொடிஞ்சு போகுது. நாலா கிழிச்சு குப்பைல போட்டுடலாம்னு உக்காந்தேன், தம்பி தான் தடுத்தான். "செத்துப் போனவங்க பேர்ல ஒருத்தன் லோன் வாங்குனா யாருக்குடா தெரியும், அப்பாவா வந்து கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறாரு"ன்னான். கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா சரியா தான் சொல்றான்.

கையால கிழிக்கிறது எவ்ளோ வீண் வேலைன்னு அப்புறம் தான் படிச்சேன். 1989ல கிழக்கு ஜெர்மனி கவுந்தப்போ அங்க இருந்த ஸ்டாசி ரகசிய போலீஸ் அவசர அவசரமா ஃபைல் எல்லாத்தையும் அழிச்சாங்க, மெஷின் தாங்கலன்னு கையாலயே கிழிச்சு மூட்டை கட்டுனாங்க, அப்படி சிக்குன மூட்டை மட்டும் சுமார் 16,000. 1995ல இருந்து ஆளுங்க உக்காந்து அதை ஒண்ணு ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. கிழிச்ச ஓரம் ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்கும்ல, அதுவே எது எதோட சேரும்னு காட்டிக் குடுத்துடும்.

சரின்னு ஒரு குட்டி ஷ்ரெட்டர், அதான் பேப்பர் வெட்டுற மெஷின், வாங்குனேன். அது இன்னொரு கூத்து. அஞ்சு நிமிஷம் ஓடுனா அரை மணி நேரம் ரெஸ்ட் கேக்கும். வெட்டுறதும் நீள நீள நாடா மாதிரி தான், பேப்பர பக்கவாட்டுல விட்டா ஒரு வரி அப்படியே முழுசா ஒரு நாடால வந்து உக்காந்துக்குது, அப்பாவோட அக்கவுண்ட் நம்பர நானே ஒரு எழுத்து விடாம படிச்சேன். 1979ல டெஹ்ரான்ல அமெரிக்க தூதரகத்தைப் பிடிச்சப்போ உள்ள கெடச்ச நாடாவ எல்லாம் பொறுமையா சேத்து புத்தகமாவே போட்டாங்க, அதுவும் இதே மாதிரி வெட்டுன பேப்பர் தான். மெஷின் வாங்குறவங்க பெட்டில P-4ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. DIN 66399னு ஒரு ஜெர்மன் தரம், P-1ல இருந்து P-7 வரைக்கும் போகும், நம்பர் ஏற ஏற துண்டு சின்னதாகும். P-4ன்னா ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, கணக்கு போட்டா ஒரு A4 கிட்டத்தட்ட 390 துண்டா போகும். நான் வாங்குனது P-2, அவசரப்பட்டேன்.

அப்ப தான் ஏரியா மக்களுக்காக ஒருநாள் இலவசமா பேப்பர் அரைச்சுத் தர்றோம்னு நோட்டீஸ் பாத்தேன். ஆளுக்கு ரெண்டு பெட்டி தான்னு கணக்கு, மனைவிய தனியா லைன்ல நிக்க வச்சு மூணையும் கொண்டு போயிட்டேன்.

வண்டிய பாத்தா ஒரு லாரி, பின்னாடி முழுக்க அரவை மெஷின். நம்ம பேப்பர சக்கரம் வச்ச ஒரு தொட்டில கொட்டுறாங்க, லாரி பக்கத்துல இருக்குற இரும்புக் கை அதைத் தூக்கி உள்ள கவுத்துது, வெளிய ஒரு சின்ன ஸ்கிரீன்ல உள்ள அரைபடுறது தெரியுது. இதுக்கே முழு மார்க் குடுப்பேன். வாங்கிட்டு போய் எங்கயோ அரைக்கிறோம்னு சொல்ற சர்வீஸும் இருக்கு, எனக்கு அது மேல நம்பிக்கை இல்ல, நம்ம கண் முன்னாடி போறது வேற. ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் எதையும் எடுக்க வேணாம்னுட்டாங்க (முந்தின நாள் ராத்திரி பூரா உக்காந்து பின் புடுங்குன எனக்கு எப்படி இருந்திருக்கும்). கெட்டி ஃபைல், சிடி, பிளாஸ்டிக் கார்டு எதுவும் வாங்கல. துண்டு சைஸ் P-4 அளவுக்குப் பொடி இல்ல, கொஞ்சம் பெருசு தான், ஆனா இத்தன வீட்டுப் பேப்பர் ஒண்ணா கலந்து இறுகிப் போனப்புறம் அதுல எங்கப்பாவ மட்டும் எவன் தேடி எடுப்பான்.

இப்ப அந்த ஒரு ஸ்டார். தொட்டி நெறைஞ்சு லாரிக்குப் போனா அது திரும்பி வர வரைக்கும் வர்ற பெட்டிய எல்லாம் தரையில இறக்கி வச்சிட்டாங்க, மூடி இல்லாம, பக்கத்துல ஆளும் இல்லாம. காத்துல ஒரு பேப்பர் பறந்து வந்து என் கால்ல ஒட்டுச்சு. எடுத்துப் பாத்தா யாரோ ஒருத்தரோட முழுப் பேரு, பொறந்த தேதி, அட்ரஸ், அக்கவுண்ட் நம்பர், கீழ கையெழுத்து. அவர் ஆளா மாறுறதுக்கு வேண்டியது எல்லாம் ஒரே பக்கத்துல! நான் கொண்டு போய் குடுத்துட்டேன், எல்லாரும் குடுப்பாங்களா? பிளேடு எவ்ளோ கூரா இருந்து என்ன, நம்ம கையை விட்டு பிளேடுக்குப் போற அந்த இருபது நிமிஷம் தொறந்து கெடக்குதே. வீட்ல பீரோல பூட்டி இருந்த பேப்பர் தெருவுக்கு வந்து வரிசைல நிக்குற மாதிரி ஆயிடுச்சு. கூட ரெண்டு பூட்டு போட்ட தொட்டி இருந்தா முடிஞ்சுது. வாலண்டியர் பொண்ணுகிட்ட சொன்னேன், "ஆமா சார், அடுத்த தடவ பாக்குறோம்"னு சொல்லுச்சு, அது என்ன பண்ணும் பாவம், காலைல இருந்து வெயில்ல நிக்குது. அதனால போறவங்க பெட்டிய டேப் போட்டு ஒட்டி எடுத்துட்டு போங்க, தொட்டி முன்னாடி வந்தப்புறம் தான் பிரிக்கணும், கொட்டி முடிக்கிற வரைக்கும் நகராதீங்க.

கூட்டம் ஏன் அவ்ளோன்னா பாதிப் பேர் தேவையில்லாததை எல்லாம் கொண்டு வர்றாங்க. எனக்கு முன்னாடி ஒருத்தர் ஒரு பெட்டி பூரா பழைய வார இதழ். எதுக்குங்க? அதுல பேரும் இல்ல நம்பரும் இல்ல. அதை முழுசா மறுசுழற்சிக்குப் போட்டாலே நல்லது, அரைச்சா நார் குட்டையாகி பேப்பரோட மதிப்பு தான் கொறையும்.

என் முறை வந்தப்போ தொட்டி பக்கத்துல இருந்த பெரியவர், "தம்பி, ஒரிஜினல் ஏதாச்சும் கலந்திருக்கான்னு பாத்தீங்களா"ன்னு கேட்டாரு. பாத்தாச்சுன்னு வாய் சொல்லுச்சு, கை தானா மேல இருந்த ஃபோன் பில் கட்ட பிரிச்சுது. நடுவுல அம்மா பேர்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்குற இன்ஷூரன்ஸ் பாலிசி. அவரு ஒண்ணும் சொல்லல, சிரிச்சுட்டு தொட்டிய அந்தப் பக்கம் தள்ளி வச்சு, "நிதானமா பாருங்க, அடுத்த ஆளை அனுப்புறேன்"னாரு. அந்த 4ல ஒரு ஸ்டார் அவருக்குத் தான்.

அப்பாவோட பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கும் கொண்டு போயிருந்தேன், அதை வாங்க மாட்டோம்னுட்டாங்க. இப்ப ஷூ ரேக் மேல சுத்தியலும் அதுவும் பக்கத்துல பக்கத்துல இருக்கு.