வளரிளம் பருவப் பாலியல் கல்வி: நாமே எழுதுவதா, சோதித்ததை மாற்றி எடுப்பதா?

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாலியல் நலக் கல்வி நடத்தலாம் என்று முடிவானதும், பாடத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி வந்தது. மூன்று வழிகள் இருந்தன. வெளிநாட்டில் சோதித்துப் பார்த்த பாடத்தை அப்படியே தமிழாக்குவது, அதையே நம் ஊருக்கு ஏற்ப மாற்றுவது, இல்லையென்றால் முழுக்க நாமே எழுதுவது. எங்கள் குழு நடு வழியை எடுத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மலையோர ஊர்களில் இரண்டு வருஷம் நடத்திய பிறகும் அதுதான் சரி என்பேன்.

அப்படியே தமிழாக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் இல்லாத வீட்டில் பார்ட்டி, காரில் இருவர் தனியாக என்று வந்தால், எங்கள் பிள்ளைகள் அதை யாரோ எவரோ கதையாகத்தான் கேட்பார்கள்.

நாமே எழுதுவதில்தான் எனக்கு முதலில் ஆசை. எழுத உட்கார்ந்தபோது, கை தானாகவே தகவல் பக்கம் போனது. உடற்கூறு, மாதவிடாய், நோய்களின் பட்டியல். எல்லாம் தேவையானவைதான். ஆனால் ஒருவர் வற்புறுத்தும்போது என்ன செய்வது என்பதற்கு எங்கள் வரைவில் ஒரே ஒரு பத்தி இருந்தது. அதுவும் அறிவுரை.

மாற்றி எடுப்பதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. 'பி ப்ரௌட், பி ரெஸ்பான்சிபிள்' என்ற அமெரிக்கப் பாடத்தின் அடிப்படையில், லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்காக 'குய்தாதே' என்ற பாடம் உருவானது. குடும்பப் பற்று, ஆண்மை பற்றிய அவர்களுடைய எண்ணங்கள் எல்லாம் பாடத்துக்குள்ளேயே வந்தன. ஃபிலடெல்ஃபியாவில் 13 முதல் 18 வயது வரையிலான 553 பேரிடம் சோதித்து, 2006இல் நல்ல பலனோடு வெளியிட்டார்கள். வேறொரு பாடத்தை அமெரிக்கப் பழங்குடியினருக்காக மாற்றியவர்கள், கோடைக் கூடைப்பந்து முகாமிலேயே அதை நடத்தினார்கள்.

இப்படி மாற்றும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு, இந்தத் துறையில் டிராஃபிக் விளக்குபோல ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெயர், ஊர், புள்ளிவிவரம் மாற்றுவது பச்சை. ஒரு பயிற்சிக்குப் பதில் இன்னொன்று வைப்பது மஞ்சள், யோசித்துச் செய்ய வேண்டும். வகுப்புகளைக் குறைப்பது, நடித்துப் பழகுவதை வெட்டுவது சிவப்பு.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்தக் கடைசி விஷயம்தான். பிள்ளைகள் வாயைத் திறந்து பழகும் நேரம். நாங்கள் அடிப்படையாக எடுத்த 'ரெட்யூசிங் த ரிஸ்க்' பாடத்தில் 45 நிமிடம் கொண்ட 16 வகுப்புகள். கலிஃபோர்னியாவின் 13 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த அதன் ஆய்வு 1991இல் வெளியானது. அதில் மறுப்பதை ஒரு கைத்தொழில்போலப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். 'வேண்டாம்' என்ற சொல் வெளியே வர வேண்டும். வற்புறுத்த வற்புறுத்தத் திரும்பச் சொல்ல வேண்டும். முகமும் உடலும் அதையே சொல்ல வேண்டும். உடனே மறுக்க முடியாத இடத்துக்கு, நேரம் கடத்தும் வழிகள் தனியாக உண்டு. முதலில் எழுதியதைப் படித்து நடிக்கிறார்கள், அடுத்துப் பாதி எழுதியதை, அப்புறம் எழுதாமலே.

எங்கள் பக்கம் வற்புறுத்துபவர் பல சமயம் மாமன் முறை. அதனால் போனில் மாமா போட்டோ கேட்கும் காட்சியை வைத்தோம். முதல் தடவை அந்தப் பெண் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே, "ஐயோ, போங்க மாமா" என்று சிரித்தாள். மாமாவாக நடித்த தோழி விடவில்லை: "சிரிக்கிறியே, அப்ப சரின்னுதானே அர்த்தம்?" வகுப்பு கப்சிப். நான்காம் தடவை அவள் கை துப்பட்டாவை விட்டிருந்தது. "வேண்டாம் மாமா. போட்டோ அனுப்ப மாட்டேன். அம்மா கூப்பிடறாங்க, வெக்கறேன்." மாமா என்ற மரியாதை போகவில்லை, மறுப்பும் குறையவில்லை. காட்சியும் பேச்சும் எங்களுடையவை. நான்கு தடவை செய்ய வைத்தது அந்தப் பாடம். நாங்களாக எழுதியிருந்தால் ஒரு தடவையோடு கைதட்டி உட்கார வைத்திருப்போம்.

நடத்துவது யார் என்பதும் முக்கியம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் ஒரு பள்ளிநலத் திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற வெளியாட்களும் நடத்தினார்கள். 2018இல் வந்த முடிவில், வெளியாட்கள் நடத்திய பள்ளிகளில்தான் மாற்றம் தெரிந்தது. நாங்களும் பக்கத்து ஊர் அக்காக்களைப் பயிற்றுவித்தோம்.

எல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆணுறைச் செய்முறை விளக்கத்துக்குப் பள்ளிகள் சம்மதிக்கவில்லை, எடுத்துவிட்டோம். அது சிவப்பு மாற்றம். அந்தப் பகுதியில் மூலப்பாடத்தின் பலனை நாங்கள் சொந்தம் கொண்டாட முடியாது. போக்சோ சட்டம், 1098 உதவி எண் பற்றிய வகுப்பை நாங்களே எழுதிச் சேர்த்தோம், அதற்குச் சோதனை பலம் கிடையாது. பையன்கள் குழுவில் எனக்கு அனுபவம் குறைவு. பள்ளியை விட்டு நின்றவர்களிடம் இன்னும் போகவே இல்லை.

இந்த வருஷம் ஒரு தலைமையாசிரியர் எட்டு வகுப்பில் முடித்துத் தரச் சொன்னார். அவருடைய அறையில் அந்த மாமா காட்சியை இரண்டு பிள்ளைகளை நடித்துக் காட்டச் சொன்னோம், முதல் தடவையும் நான்காம் தடவையும். வாரம் ஒன்றாகப் பதினாறும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.