ஜான் மியூர் டிரெயிலின் தென்பாதி: வாளியா, கணவாயா?

ஜான் மியூர் டிரெயில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மலைகளில் பல நாள் நடக்கும் பாதை. யோசெமிட்டியிலிருந்து தெற்கே நடப்பவர்களுக்கு முதல் பாதியில் சாப்பாட்டுக் கவலை பெரிதாக இல்லை. உணவுப் பொதியை முன்கூட்டியே அனுப்பிவைக்க ரெட்ஸ் மெடோ போன்ற இடங்கள் உண்டு. சிக்கல், நடுவழியில் உள்ள மியூர் டிரெயில் ரான்ச் என்ற தங்கும் பண்ணைக்கு அப்புறம்தான். அங்கிருந்து நடை முடிந்து சாலையை எட்டும் விட்னி போர்ட்டல் வரை ஏறக்குறைய 180 கிலோமீட்டர். பாதையை ஒரு சாலைகூடத் தொடாது. ரான்ச்சுக்கு வாளியில் அனுப்பிவைத்த உணவு மொத்தத்தையும் அங்கேயே ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் முடிக்கலாம். இல்லையென்றால் நடுவில் கியர்சார்ஜ் கணவாய் வழியாக இறங்கி, நிரப்பிக்கொண்டு திரும்பலாம்.

முதுகு தாங்குமா என்பதைவிட, கரடிப் பெட்டிக்குள் (கரடியால் திறக்க முடியாத உணவுப் பெட்டி) அடங்குமா என்பதே இங்கே கேள்வி. பலரும் தூக்கும் பெரிய பெட்டியே 11.5 லிட்டர்தான். நாளுக்கு 700 கிராம் உணவு, பாக்கெட்டுகளில் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி டேப் ஒட்டினாலும், சுமார் 1.4 லிட்டர் பிடிக்கும். பற்பசை, சன்ஸ்கிரீன், குப்பைப் பை எல்லாம் அதற்குள்ளேதான் போக வேண்டும். அதற்கு ஒரு லிட்டர் ஒதுக்குங்கள். மிஞ்சுவது ஏழரை நாள் சாப்பாடு. முதல் நாள் உணவு படுக்கும் முன் வயிற்றுக்குள் போய்விடும் என்பதால் அது வெளியே இருக்கலாம். ஆக எட்டரை நாள். தினம் 21 கிலோமீட்டர் நடப்பவருக்குக் கணக்கு இடிக்காமல் நேராகும். 15 கிலோமீட்டர்காரருக்கு 12 நாள் ஆகும். எப்படி அடுக்கினாலும் கொள்ளாது.

ரான்ச்சுக்கு உணவை 19 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் அனுப்ப வேண்டும். எடை 25 பவுண்டுக்குள் (சுமார் 11 கிலோ) இருக்க வேண்டும், மூன்று வாரம் முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: வாளி பெட்டியைவிடப் பெரியது, இடம் இருக்கிறதே என்று திணித்துவிடுகிறார்கள். அங்கே மிச்சத்தைப் போட வைத்திருக்கும் பீப்பாய்கள் ஓட்ஸால் நிரம்பி வழிவது சும்மா இல்லை. வீட்டிலேயே கரடிப் பெட்டியில் அடுக்கி, மூடி திருகி மூடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வாளிக்கு மாற்றுங்கள். வாசனை சோப்பைத் தனியாக இரட்டை உறையில் கட்டுங்கள். வாரக்கணக்கில் மூடிய வாளிக்குள் கிடந்தால் சோறும் சோப்பு மணக்கும். அடுப்புக்கான எரிவாயுவை வாளியில் வைக்கக் கூடாது.

கியர்சார்ஜ் வழியில் ரான்ச்சில் கிளம்பும்போது சுமை இரண்டு கிலோ குறையும்; மியூர் கணவாய் ஏற்றத்தில் அது தெரியும். அதற்கு விலை: பாதை பிரியும் இடத்திலிருந்து, சாலை வந்து முடியும் ஆனியன் வேலி (Onion Valley) என்ற இடத்துக்குச் சுமார் 12 கிலோமீட்டர், அதே தூரம் திரும்பவும். 2,800 மீட்டர் உயரம் வரை இறங்கி, புது மூட்டையோடு மறுபடி கணவாயின் 3,584 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். இண்டிபெண்டன்ஸ் ஊர் அங்கிருந்தும் 20 கிலோமீட்டருக்கு மேல். வண்டி கிடைப்பது நிச்சயமில்லை. தபால் நிலையத்துக்குப் பொதி அனுப்பியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள். ஒரு நாள் நிச்சயம் போகும், இரண்டும் போகலாம்.

21 கிலோமீட்டர் வேகம் உள்ளவர் வாளியோடு நிறுத்திக்கொள்வதே மேல். மெதுவாக நடப்பவரும் நடுவில் ஒரு குளியலும் சூடான சாப்பாடும் வேண்டுமென்பவரும் கியர்சார்ஜில் இறங்கலாம். கோவேறு கழுதையில் உணவைக் கணவாய் தாண்டிக் கொண்டுவந்து தருபவர்களும் உண்டு. தனி ஆளுக்குச் செலவு கட்டாது. நாலு பேர் பகிர்ந்தால் யோசிக்கலாம். சந்திக்கும் நாளையும் இடத்தையும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பகுதியில் கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது.