"ஆறு மாதத்தில் நடப்பான்" என்று முன்பணம் கேட்கும் தெரபி மையங்கள்: பெற்றோர் கவனத்திற்கு

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் பெற்றோர் யாரும் பிசியோதெரபிக்கு மொத்தத் தொகையை முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். எங்கள் ஊர்த் தனியார் மையம் ஒன்றில் நாங்கள் பட்டதை எழுதுகிறேன்.

என் மகனுக்கு நான்கு வயது. குறைமாதத்தில் பிறந்தவன். இரண்டு கால்களிலும் தசை இறுக்கம். பிடித்துக்கொண்டால் நுனிக்காலில் நிற்பான். மையத்தின் உரிமையாளர் அவனைப் பெயருக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறு மாதத்தில் நடப்பான் அம்மா, மொத்தமாகக் கட்டினால் சலுகை உண்டு" என்றார். கடன் வாங்கிக் கட்டினோம்.

அதன் பிறகு என்னை உள்ளே விடவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் குழந்தை ஒத்துழைக்காதாம். ஒருநாள் கதவைச் சாத்த மறந்துவிட்டார்கள். தொழில் கற்றுக்கொள்ள வந்த பெண் ஒருத்தி ஒரு கையால் அவன் காலை மடக்கி நீட்டியபடி, மறு கையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தாள். வருகை நோட்டிலோ, 'நிற்கும் பயிற்சி, நடைப் பயிற்சி, நல்ல முன்னேற்றம்' என்று பக்கம் பக்கமாக ஒரே வரி. பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போயிருந்த நாட்களிலும் அதே வரி!

காலைப் பிறர் மடக்கி நீட்டுவதால் எந்தக் குழந்தையும் நடக்கக் கற்றுக்கொள்வதில்லை. முக்காலியிலிருந்து அவனே எழ வேண்டும், சுவரைப் பிடித்து நிற்க வேண்டும், விழப்போய்ச் சமாளிக்க வேண்டும். இதை வீட்டில் எப்படிச் செய்ய வைப்பது என்று நமக்குச் சொல்லித் தருவது தெரபியில் பாதி.

அவர்களே விற்ற ஸ்பிளிண்ட் (கணுக்காலையும் பாதத்தையும் சரியான நிலையில் பிடித்து வைக்கும் கவசம்) இன்னொரு கொடுமை. அளவுகூடச் சரியாக எடுக்கவில்லை. கழற்றினால் கணுக்கால் எலும்பின் மேல் சிவந்த தடம். அரை மணி நேரத்தில் மறைய வேண்டியது மறுநாள் காலையிலும் இருந்தது. பிறகு தோலே உரிந்துவிட்டது. "போகப் போகப் பழகிவிடும்" என்றார்கள். பழகாது. தடம் மறையாவிட்டால் ஸ்பிளிண்டைத்தான் திருத்த வேண்டும்.

முன்னேற்றமே இல்லையே என்று கேட்டபோது ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி போடலாம் என்று ஆரம்பித்தார்கள், அதுவும் லட்சக்கணக்கில். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்கள் போக மற்றவற்றுக்கு அதை ஆய்வாக மட்டுமே செய்யலாம். அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. பெற்றவர்களின் தவிப்பைக் காசாக்கும் இவர்களை என்னவென்று சொல்வது!

மீதிப் பணத்தைக் கேட்டால் ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த 'திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் வழி கேட்கலாம்.

இப்போது அரசு மருத்துவமனையில் உள்ள, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்குப் போகிறோம். 18 வயது வரை இலவசம். கூட்டம் உண்டு, காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அங்குள்ள தெரபிஸ்ட் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "வீட்டில் இவன் எதைத் தானாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். சாப்பிடும்போது சாயாமல் உட்கார வேண்டும் என்றேன். அதிலிருந்தே தொடங்கினார். எப்போது நடப்பான் என்பதற்கு யாராலும் தேதி குறித்துத் தர முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

இப்படி எங்காவது கட்டியிருப்பவர்கள் ரசீதையும் வருகை நோட்டின் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். இனி கட்டப் போகிறவர்கள், தெரபியின்போது நாமும் உள்ளே இருக்கலாமா என்று முதலில் கேளுங்கள். மறுத்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.