மலைவேம்புக் கன்று: தென்வரப்பில் நட்டம், மேவரப்பில் லாபம்

கன்று 20 ரூபாய் என்று ஒரு தனியார் நர்சரியில் மலைவேம்பு வாங்கி, வரப்போரம் நட்டு மூன்று வருடம் ஆகிறது. எங்கள் தோட்டம் ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம், கிணற்றுப் பாசனம். "வெள்ளாமை துளிகூடக் குறையாதுங்க" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது பாதி நிஜம்.

வளர்ச்சியில் குறையே இல்லை. முப்பது அடிக்கு நெடுநெடுவென்று நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கக் கிளையைக் கவாத்து செய்தால்தான் தண்டு நேராகப் போகும், பிளைவுட்காரர்களும் நல்ல விலை கொடுப்பார்கள். கழித்த தழையை ஆடு மிச்சம் வைப்பதில்லை.

ஆனால் தென்வரப்பு மரங்களை ஒட்டி மார்கழிப் பட்டத்தில் கடலை போட்டால் தெரியும் சேதி. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால் நிழல் முழுக்க நம் காட்டுக்குள்தான், அதாவது வயலுக்குள்தான், விழுகிறது. இலை உதிர்க்கும் மரம்தான், ஆனால் சீக்கிரமே தளிர்த்துவிடும். வரப்போரம் நாலைந்து சால் செடி மட்டும் வெளிர்ப்பச்சையாக ஓங்கி வளர்ந்திருந்தது. பார்க்கச் செழிப்புதான், பிடுங்கினால் செடிக்கு ஏழெட்டுக் காய், அதிலும் பாதி பொக்கு. நடுக்காட்டில் அதே விதை கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. வடவரப்பில் நட்டால் அந்த நிழல் பக்கத்துக் காட்டுக்காரருக்குப் போகும். அப்புறம் பஞ்சாயத்துதான்!

மேவரப்பில், அதாவது மேற்கு வரப்பில், கதையே வேறு. அங்கே மஞ்சள். சாயங்கால நிழலில் இலை நுனி கருகவில்லை, கிழங்கும் மற்ற பாத்திகளுக்குச் சமமாகவே இருந்தது. அடுத்து வாழை வைத்தபோது ஆடிக்காற்றில் அந்தப் பக்கம் சாய்ந்தது ரொம்பக் குறைவு. எள், கடலை மாதிரி வெயில் கேட்கும் பயிருக்குத்தான் மரம் எதிரி.

வேர் இன்னொரு தலைவலி. மரத்துக்கும் பாத்திக்கும் நடுவே இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தபோது விரல் தடிமனில் வேர்கள் அறுபட்டன. அதற்கப்புறம் வரப்போரப் பயிர் வாடுவது குறைந்தது. இந்த ஆள்கூலியை யாரும் கணக்கில் சொல்வதில்லை.

நர்சரி மேல் ஒரே வருத்தம். முதல் மழையிலேயே சில கன்று தலை சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் ஆணிவேர் கவருக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. வயசான கன்று. கேட்டதற்கு "நீங்க நட்ட லட்சணங்க" என்றார்கள்.

வரப்புக்கு மட்டும் என்றால் காசு கொடுத்து வாங்க அவசியமே இல்லை. வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்போர நடவுக்கு ஏக்கருக்கு 50 கன்று இலவசம் என்று கணக்கு, உழவன் செயலியில் பதியலாம்.

மரத்துக்கு 5-க்கு 4, கடைக்கு 2. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பணம் கொடுக்கும் முன் ஒரு கவரைக் கிழித்து வேரைப் பாருங்கள். கிழிக்க விடவில்லை என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.