ஸ்டென்ட் வைத்த பிறகு: கோவையில் பயிற்சி மையமா, தோட்டத்து நடையா?

இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) வைத்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் குடும்பத்தார் டாக்டரிடம் மாத்திரை பற்றிக் கேட்பார்கள், சாப்பாடு பற்றிக் கேட்பார்கள், அடுத்த செக்கப் எப்போது என்று கேட்பார்கள். நோயாளிக்கு ஒரே கேள்விதான்: "ஏனுங் டாக்டர், எப்பத்திலிருந்து தோட்டத்துக்குப் போலாமுங்க?" காங்கேயமோ தாராபுரமோ அந்தியூரோ, அறுபத்தைந்தைத் தாண்டிய ஆள் என்றால் இதைத்தான் கேட்பார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, அப்புறம் மெதுவா நடங்க" என்று பதில் வரும். கொஞ்ச நாள் என்றால் எத்தனை, மெதுவா என்றால் எவ்வளவு என்பது வீடு வந்து சேர்ந்த பிறகு பஞ்சாயத்தாகிவிடும். மகன் ஒன்று சொல்வார், மருமகள் ஒன்று சொல்வார், பக்கத்துத் தோட்டத்து மாமா இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்று சொல்வார்.

இந்தப் பஞ்சாயத்தில் நான்கு கட்சிகள் உண்டு. மருத்துவமனையிலேயே நடக்கும் இதய மறுவாழ்வுப் பயிற்சி, அதாவது கார்டியாக் ரீஹேப், ஒன்று. வீட்டிலிருந்தபடி கணக்கு வைத்து நடப்பது இன்னொன்று. யோகா மூன்றாவது. "தோட்டத்து வேலையே போதும், தனியா எக்சர்சைஸ் எதுக்கு?" என்பது நான்காவது. நம் ஊரில் நான்காவதுக்குத்தான் ஓட்டு அதிகம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தோட்டத்து வேலை

வேலை செய்த உடம்பு சும்மா இருந்தால் கெட்டுப்போகும் என்பது உண்மை. மாரடைப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்துவது பழைய காலத்து வைத்தியம். இப்போது மருத்துவமனையில் இருக்கும்போதே எழுப்பி நடக்க விடுகிறார்கள். ஆனால் இதயத்துக்கு வேண்டிய உழைப்பு ஒரு விதம், தோட்டம் கேட்கும் உழைப்பு வேறு விதம். மெல்ல ஆரம்பித்து, ஒரே சீராகப் போய், மெல்ல முடிய வேண்டும் என்பது பயிற்சியின் இலக்கணம். தோட்டத்தில் ஒரு மணி நேரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்போம். திடீரென்று கேட்வால்வு திருகாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தையும் போடுவோம். கன்று அவிழ்த்துக்கொண்டு ஓடும், பின்னாலேயே ஓடுவோம். பால் கேனைத் தூக்குவோம். மூச்சை அடக்கிக் கனம் தூக்கும் அந்த ஒரு நொடியில் ரத்த அழுத்தம் விருட்டென்று ஏறும். மண்வெட்டி பிடித்து வாய்க்கால் கட்டுவது வேக நடையைவிடக் கூடுதலாக இதயத்தை வேலை வாங்கும். "நான் எப்பவும் செய்யறதுதானே" என்பது கைக்குத் தெரிந்த கணக்கு. இதயத்தின் கணக்கு மாறிவிட்டது.

பைபாஸ் செய்தவர்களுக்கு விஷயம் இன்னும் கறார். பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது. கட்டுத்தரையில் காங்கேயம் மாடு ஒரு முறை தலையை உதறிக் கயிற்றை இழுத்தால் போதும். டிவிஎஸ் எக்ஸெல்லை ஸ்டாண்டு போடுவதும் இதே வகைதான். "வண்டிதானே ஓட்டறேன்" என்று கிளம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வெறும் ஸ்டென்ட் என்றால் இவ்வளவு கெடுபிடி இல்லை. மணிக்கட்டு வழியாக வைத்திருந்தால் சில நாட்களுக்கு அந்தக் கையில் கனம் வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் ஸ்டென்ட்காரர்களுக்கு வேறொரு சங்கடம் உண்டு. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரையும் சேர்ந்து, பொதுவாக ஒரு வருடம் ஓடும். டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். போட்டுக்கொண்டே இருக்கும்போது வரப்பில் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தக்கசிவு ஆபத்து. கருக்கரிவாள் கீறல்கூட நிற்க நேரம் எடுக்கும். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரி அடிக்கும்போது பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டவர் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும்.

இத்தனை சொன்ன பிறகும் தோட்டத்தை அடியோடு ஒதுக்க மாட்டேன். மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது தேறி வருவதையும் கெடுக்கும். சரவணம்பட்டி அபார்ட்மென்ட்டில் மகன் வீட்டு ஜன்னலருகே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அப்புச்சிக்கு ஆஸ்பத்திரி பக்கம்தான், ஆனால் பேச ஆள் இல்லை. அவரைச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) கூட்டி வந்து, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஆட்களை வேலை வாங்கச் சொன்னாலே பாதி தெளிந்துவிடுவார். தோட்டம் மருந்துதான், முதல் மூன்று மாதம் பார்வையிடும் அளவுக்கு மட்டும்.

கோவைப் பயிற்சி மையம்

அவிநாசி சாலைப் பக்கத்துப் பெரிய மருத்துவமனைகளைக் கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆஞ்சியோவுக்கும் பைபாஸுக்கும் அங்கே வருகிற கூட்டத்தோடு பார்த்தால், மறுவாழ்வுப் பயிற்சியை முடித்துவிட்டுப் போகிறவர்கள் சொற்பம். பல குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

முறையான மையத்தில் எடுத்த எடுப்பில் டிரெட்மில்லில் ஏற்ற மாட்டார்கள். ஆறு நிமிடம் நடக்கவிட்டு எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள், அல்லது ஈசிஜி மாட்டி டிரெட்மில் டெஸ்ட் எடுப்பார்கள். அதை வைத்து எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்று முடிவு செய்து, வாரம் இரண்டு மூன்று முறை, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை பிசியோதெரபிஸ்ட் கண் முன்னால் பயிற்சி நடக்கும். கூடவே மாத்திரை, சாப்பாடு, புகையிலை, தூக்கம், மனசு எல்லாம் பேசப்படும். இந்தப் பயிற்சியால் இதய நோய்ச் சாவும், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது பயம் போவதுதான். கண்காணிப்பில் அரை மணி நேரம் நடந்து, ஒன்றும் ஆகவில்லை என்று தானே பார்த்துவிட்டவர் வேறு ஆள். "மூச்சு வாங்குதா? உக்காருங்க, உக்காருங்க" என்று பின்னாலேயே சுற்றும் வீட்டம்மாவுக்கும் அது ஒரு நிம்மதி.

இடைஞ்சல் தூரம். தாராபுரத்திலிருந்து கோவை சுமார் 80 கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு நாள் போய்விடும். துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அவருடைய ஒரு நாள் கூலியும் போகும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷனுக்குக் கைகொடுத்திருக்கும். தனியார் பாலிசிகள் வெளிநோயாளிப் பயிற்சிக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. முதல் வாரம் மகன் காரில் கூட்டிப் போவார், போகப் போகப் பஸ்ஸாகும், அப்புறம் நின்றுவிடும்.

இதில் பெண்களின் கதை தனி. அப்புச்சிக்கு நெஞ்சு வலி என்றால் காரை எடுப்பார்கள். அம்மிச்சிக்கு வந்தால் பாதி நேரம் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணியில் முடிந்துவிடும். பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாகவோ வியர்வையாகவோ வாந்தியாகவோ மாரடைப்பு வரலாம் என்பதால் இது ஆபத்தான வழக்கம். ஸ்டென்ட் வைத்து வந்த பிறகும் அம்மிச்சியை வாரா வாரம் கோவைக்குக் கூட்டிப் போக வீட்டில் ஆள் இருக்காது. பத்தே நாளில் தண்ணீர்க் குடமும், மாவாட்டும் வேலையும், சாணி அள்ளுவதும் அவர் தலையில் வந்து உட்காரும். அதை யாரும் வேலை என்றே எண்ணுவதில்லை, அதனால் யாரும் தடுப்பதும் இல்லை. மையமா தோட்டமா என்று வீட்டில் விவாதிக்கும்போது, இது யாருக்காக நடக்கிற விவாதம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு நடை

என் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு. ஆபத்து குறைந்த நோயாளிகளை மையத்துக்கு ஒரு பிரிவாகவும் வீட்டுப் பயிற்சிக்கு ஒரு பிரிவாகவும் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில், உடல் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே வந்திருக்கின்றன. ஆனால் அந்த வீட்டுப் பயிற்சி, சும்மா காலாற நடப்பது அல்ல. ஆரம்பத்தில் அளந்து, இலக்கு கொடுத்து, போனில் விசாரித்து நடத்தியது. ஆகவே நிபந்தனை: கோவைக்கோ ஈரோட்டுக்கோ ஒரு முறையாவது போய் அளந்துகொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

அதற்கப்புறம் ஐந்து பத்து நிமிட நடை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. வாரா வாரம் சில நிமிடம் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற அளவுக்கு வர வேண்டும். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. சட்டென்று நின்றால் பிரஷர் இறங்கி மயக்கம் வரும். சாப்பிட்ட உடனே வேண்டாம். வேகம் சரியா என்று பார்க்கக் கைக்கடிகாரத்துத் துடிப்புக் கணக்கை நம்பாதீர்கள், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை துடிப்பை ஏறவிடாது. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

இடத்துக்கு நம் ஊரில் குறைவில்லை. வண்டி போகாத இட்டேரிப் பாதை, கீழ்பவானி வாய்க்கால் கரை, பள்ளிக்கூட மைதானம். கோவையில் இருந்தால் ரேஸ்கோர்ஸ். வரப்பு மட்டும் வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் ஆளைத் தள்ளும். போகும்போது எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி வழியை வைத்துக்கொள்ளலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் வந்த 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பல வீடுகளுக்கு வாசலிலேயே கிடைக்கின்றன. வருகிற ஊழியரிடம் பிரஷரைப் பார்த்துக் குறித்து வைத்தால் வீட்டு நடைக்கு அதுவே பாதிக் கண்காணிப்பு. முழங்கால் வலியால் நடக்க முடியவில்லை என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. அந்த வகை வலி மாத்திரைகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல், ரத்தக்கசிவையும் கூட்டும்.

எல்லோருக்கும் வீட்டு நடை ஒத்துவராது. எக்கோ ரிப்போர்ட்டில் ஈ.எஃப். (இதயத்தின் பம்பிங் அளவு) 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர், கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு கனப்பவர், துடிப்பு தாறுமாறாக இருப்பவர், ஒரு முறை மயங்கி விழுந்தவர், இவர்களெல்லாம் எவ்வளவு தூரமானாலும் மையத்துக்கே போகட்டும். கோவையில் மகளோ தங்கையோ இருந்தால் மூன்று மாதம் அங்கேயே தங்கிவிடுவது மேல். பம்பிங் குறைந்தவர்கள் காலையில் எடையும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

யோகா

இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த சுமார் 4,000 பேரை வைத்து யோகா வழி மறுவாழ்வைச் சோதித்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. மறுபடி மாரடைப்பு, சாவு போன்றவற்றை யோகா குறைத்ததாக அதில் உறுதியாக நிறுவ முடியவில்லை. ஆனால் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள், பழைய வேலைகளுக்கும் நன்றாகத் திரும்பினார்கள். நடைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், பதிலாக வேண்டாம் என்பேன். கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம், தலைகீழ் ஆசனம் எதுவும் இந்த நேரத்தில் கூடாது. டிவியைப் பார்த்துச் செய்கிறவர்கள் செய்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

சாப்பாட்டுத் தாளில் ஓட்ஸ் என்று எழுதிக் கொடுத்தால் கம்பும் ராகியும் கொள்ளும் இருக்கும் வீட்டில் சிரிப்புத்தான் வரும், தானியத்தில் குறை வைக்காத ஊர் இது. குறைக்க வேண்டியது தேங்காயும் உப்பும். கம்பங்கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாயிலும் ஊறுகாயிலும்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. இன்னொன்று, பொள்ளாச்சி இளநீர் தினமும் நல்லது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களும் ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள், அதில் பொட்டாசியம் அதிகம். உப்புக்குப் பதிலாக விற்கும் லோ சோடியம் உப்புக்கும் இதேதான்.

அப்புறம் "சென்னிமலை எப்ப ஏறலாமுங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. அது 1,320 படி. இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிகிறதா என்று முதலில் பார்க்கட்டும், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்கட்டும். அதுவரை மலைப்பாதையில் வண்டியில் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எந்த வழியை எடுத்தாலும் நடக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருக்க வேண்டும். நெஞ்சு கனத்தால் நின்று, உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி அதை வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. எக்ஸெல்லில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். 108 வர நேரமாகும் என்று தோன்றினால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் அங்கேயே வைக்கப்பட்டிருக்கின்றன. போகும்போது ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப் போங்கள்.